ஸ்டியரிங் பிடிக்கும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும்! – ஓட்டுநர், நடத்துநர், கிளீனர்களுக்கான பாதுகாப்பு, உரிமை வழிகாட்டி

காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட், மளிகைக் கடையில் இறங்கும் அரிசி மூட்டை, சமையலறைக்கு வரும் கேஸ் சிலிண்டர், பிள்ளைகள் ஏறிப்போகும் வேன். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒருவர் கண் விழித்து வண்டி ஓட்டியிருக்கிறார். அவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார், கடைசியாக எப்போது தூங்கினார், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பல நேரங்களில் அவருக்கே அதற்கான பதில் தெரிவதில்லை.

2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 உயிர்கள் போயின. சாலையே பணியிடமாக இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து தினமும் எட்டு, பத்து மணி நேரம் கூடவே வருகிறது.

லாரி, பேருந்து, வேன், கால் டாக்சி, ஆட்டோ ஓட்டுபவர்களும், கிளீனர், நடத்துநர் வேலை பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்த இதழில் பாடமாகத் தொகுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் ஓட்டுநர் யாரும் இல்லை என்றாலும் படியுங்கள். 8-ஆவது பகுதி உங்களுக்கானது.

1. தூக்கம்: போதையைப் போலவே ஆபத்து

"நான் தண்ணி போட மாட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று பல ஓட்டுநர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தூக்கமின்மையும் மூளைக்கு அதே வேலையைத்தான் செய்கிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் மதுவின் அளவே 30 மில்லிகிராம்தான்.

ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு எழுகிறார். பகல் முழுக்க குடோன் வாசலில் லோடுக்காகக் காத்திருக்கிறார். சாயங்காலம் லோடு ஏறுகிறது. தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பில் வாங்கி, இரவு 9 மணிக்கு வண்டியை எடுக்கிறார். ஓனர் கணக்கில் அவர் அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறார். உடம்பின் கணக்கில் அவர் ஏற்கெனவே 14 மணி நேரம் விழித்திருக்கிறார். நள்ளிரவு 12 மணிக்கு அது 17 மணி நேரம் ஆகிவிடும். சரக்கு காலையில் போய்ச் சேர வேண்டும் என்பதால் அவர் நிறுத்தப்போவதில்லை.

நள்ளிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 4 மணி வரையும் உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை அணைந்துபோகலாம். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 4 நொடியில் ஏறத்தாழ 89 மீட்டர் ஓடிவிடும். அந்த 89 மீட்டருக்கும் வண்டியை ஓட்ட ஆளில்லை.

தூக்கம் வருவதற்கான அறிகுறிகள் இவை:

• கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் நினைவுக்கு வராமல் போவது
• வண்டி வெள்ளைக் கோட்டை உரசி உரசித் திரும்புவது
• திரும்பத் திரும்பக் கொட்டாவி, கண் எரிச்சல், தலை முன்னால் சாய்வது
• காரணமே இல்லாமல் வேகம் கூடிக் குறைவது

இவற்றில் ஒன்று தெரிந்தாலும், பாதுகாப்பான இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். டீ குடித்தால் அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். எனவே டீயைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண் அயருங்கள். எழும்போது தெளிவு இருக்கும். அதன் பிறகும் அசதி இருந்தால், தேவைப்படுவது முழுத் தூக்கம்தான்.

எங்கே நிறுத்துவது என்பது நியாயமான கேள்வி. சாலை ஓரத்தில் நிறுத்தித் தூங்குவது பின்னால் வரும் வண்டிக்கும் உங்களுக்கும் ஆபத்து. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓட்டுநர் ஓய்வு இல்லங்களை நடத்துகின்றன. படுக்கை, குளியலறை, கழிப்பறை வசதி உண்டு. அதே பெயரில் உள்ள மொபைல் ஆப்பில், போகும் வழியில் எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

2. எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்றே 1961-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அது வகுத்த அளவுகள் இவை:

• நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை
• நீண்ட தூரப் பயணம், திருவிழாக் காலம் போன்றவற்றில் அனுமதி பெற்று நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை
• தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு
• ஒரு நாள் டூட்டி முடிந்து மறுநாள் டூட்டி தொடங்கும் வரை தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு

இந்தச் சட்டம் உள்ளிட்ட 13 தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கி, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது. புதிய தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பு தொடர்கிறது. வாரத்தில் 6 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைம் பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், அதற்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். ஆண்டில் 180 நாள் வேலை பார்த்தாலே சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடைக்கும். பழைய சட்டத்தில் இது 240 நாளாக இருந்தது. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் தருவதும் இப்போது கட்டாயம்.

ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1961 சட்டம் 5 தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பு 10 பேர் இருந்தால் பொருந்துகிறது. நம்ம ஊரில் ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் ஓனர்கள் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, 6-ஆவது பகுதியில் சொல்லியிருக்கும் நல வாரியப் பதிவு இன்னும் முக்கியமாகிறது.

"வேலை நேரம்" என்றால் சக்கரம் சுழலும் நேரம் மட்டும்தானா? இல்லை. வண்டியை எடுப்பது, திரும்ப விடுவது, கணக்கு ஒப்படைப்பது, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது, லோடு ஏற்றி இறக்குவது எல்லாம் அதில் சேரும். மேலே பார்த்த ஓட்டுநர் சாயங்காலம் லோடு ஏற்றிய நேரமும் வேலை நேரம்தான்.

மற்ற நாடுகளில் எப்படி? ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நாளுக்கு ஓட்டும் நேரம் பொதுவாக 9 மணி நேரம். வண்டியில் பொருத்திய டாக்கோகிராப் கருவி இதைப் பதிவு செய்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 4 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது. எங்கே எழுதப்பட்ட விதியாக இருந்தாலும் 4, 5 மணி நேரத்தில் ஓய்வு என்று வந்து நிற்பதற்குக் காரணம், மனித உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதே.

வண்டிகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். புது வண்டி வாங்கும் ஓனர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

3. ஒரு சின்ன நோட்டு, பெரிய சாட்சி

உரிமை இருக்கிறது, சரி. நிரூபிப்பது எப்படி? அதற்கு ஒரு 20 ரூபாய் நோட்டோ, போனில் உள்ள நோட்ஸ் ஆப்போ போதும். ஒவ்வொரு டிரிப்புக்கும் இவ்வளவு எழுதுங்கள்:

• தேதி, வண்டி எண்
• டூட்டிக்கு வந்த நேரம், லோடு ஏறிய நேரம், கிளம்பிய நேரம்
• நிறுத்திய இடங்கள், ஓய்வெடுத்த நேரம்
• இறக்கிய நேரம், வண்டியை ஒப்படைத்த நேரம்
• தந்த சம்பளம், பேட்டா, டீசல் பணம் தனித்தனியாக
• வண்டியில் கண்ட கோளாறு, அதை யாரிடம் எப்போது சொன்னீர்கள்

கடைசி வரி ரொம்ப முக்கியம். "பிரேக் சரியில்லண்ணே" என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் தேதியோடு நிற்கும். ஓனருக்கும் இது நல்லதே. எந்த வண்டிக்கு எப்போது என்ன வேலை பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துவிடும்.

அதிக லோடு ஏற்றச் சொன்னாலும் இதே வழிதான். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ரூ.20,000 அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000 மேலும் கட்ட வேண்டும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் பொறுப்பு. எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. சம்பளமா, பேட்டாவா? 6.89 லட்சம் ரூபாய் வித்தியாசம்

பல இடங்களில் மாதச் சம்பளம் குறைவாகவும், பேட்டா அதிகமாகவும் தருவார்கள். கைக்கு வரும் காசு ஒன்றுதானே என்று தோன்றும். விபத்து நடந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வேலையின்போது விபத்தில் ஓட்டுநரோ கிளீனரோ இறந்தால், முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரி முதல் ரூ.15,000 உச்சவரம்பாக வைக்கப்பட்டது.

35 வயது ஓட்டுநர் ஒருவருக்குச் சம்பளம் ரூ.15,000 என்று பதிவில் இருந்தால்:
7,500 × 197.06 = ரூ.14,77,950

அதே ஓட்டுநருக்குச் சம்பளம் ரூ.8,000, மீதி பேட்டா என்று இருந்தால்:
4,000 × 197.06 = ரூ.7,88,240

குடும்பத்துக்கு இழப்பு ரூ.6,89,710. பயணப் படி என்ற பெயரில் தரும் பணம் சம்பளக் கணக்கில் சேராததுதான் காரணம். புதிய தொகுப்புச் சட்டங்களில், இப்படி ஒதுக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியைச் சம்பளமாகவே கருத வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது. ஆனாலும் கையில் ஆதாரம் இருந்தால்தான் பேச முடியும். எனவே சம்பளத்தை வங்கிக் கணக்கில் அல்லது யு.பி.ஐ. மூலம் வாங்குங்கள். "மார்ச் சம்பளம்" என்று ஒரு குறிப்போடு அனுப்பச் சொல்லுங்கள்.

மேலும் சில விஷயங்கள்:

• மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தர வேண்டும்.
• டயர் வெடித்தது, சரக்கு குறைந்தது என்று இஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய முடியாது. உங்கள் தவறால் நடந்த சேதத்துக்கு மட்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.
• 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு விபத்து இழப்பீடும் அதன் வழியாகவே வரும்.
• இழப்பீட்டுத் தொகையை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். தராத முதலாளி மீது தொழிலாளர் துணை ஆணையரிடம் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம்.
• வீட்டிலிருந்து டூட்டிக்குப் போகும் வழியிலோ, டூட்டி முடிந்து திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது இதில் அடங்கும்.

5. இன்சூரன்ஸ் தாளில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள்.

முதல் வரி: 'லீகல் லயபிலிட்டி டு பெய்டு டிரைவர்'. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கும் கிளீனருக்கும் தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பதற்கான வரி இது. எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கும். இதற்கான பிரீமியம் மிகச் சிறிய தொகைதான். ஆனால் அந்த வரி இருந்தால் ஓனர் குடும்பமும் தப்பிக்கும், ஓட்டுநர் குடும்பமும் தப்பிக்கும்.

இரண்டாவது வரி: 'பி.ஏ. கவர் ஃபார் ஓனர் டிரைவர்'. சொந்த ஆட்டோ, சொந்த டாக்சி ஓட்டுபவர்களுக்கானது. காப்பீட்டுத் தொகை ரூ.15 லட்சம். ஆனால் விபத்து நாளில் லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

அதனால் லைசென்ஸ் தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றும் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு 3 ஆண்டு. முடியும் தேதிக்கு ஒரு ஆண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு ஆண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் டெஸ்ட் போட வேண்டியிருக்கும்.

6. போனிலேயே முடிக்கக்கூடிய மூன்று பதிவுகள்

நல வாரியம். தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ள ஓட்டுநர்களும், ஒர்க்‌ஷாப் தொழிலாளர்களும் சேரலாம். தொழிலாளர் துறையின் நல வாரிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்கோ மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கோ போகலாம். ஆதார், குடும்ப அட்டை, லைசென்ஸ், வங்கி பாஸ்புக், போட்டோ, நாமினி விவரம் தயாராக இருக்கட்டும்.

பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, திருமண உதவி, மகப்பேறு உதவி, கண் கண்ணாடிச் செலவு, விபத்து மரணம் மற்றும் ஊனத்துக்கான உதவி, இயற்கை மரண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, தேவை வரும்போது தவிக்கிறார்கள். போனில் நினைவூட்டல் வையுங்கள். கல்யாணம், குழந்தை என்று குடும்பம் மாறும்போது நாமினி பெயரையும் மாற்றுங்கள்.

உணவு டெலிவரி, பைக் டாக்சி போன்ற ஆப் வழி வேலை பார்ப்பவர்களுக்கு, தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் தனியாக இருக்கிறது.

இ-ஷ்ரம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான தேசியப் பதிவேடு. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் சேரலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இருந்தால் போதும். உதவி எண் 14434.

விபத்துக் காப்பீடு. பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு ரூ.20 உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். விபத்து மரணம், முழு நிரந்தர ஊனத்துக்கு ரூ.2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு ரூ.1 லட்சம். வயது 18 முதல் 70. ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை ஒரு கணக்கு. மே மாதக் கடைசியில் கணக்கில் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 20 ரூபாய் இல்லாமல் பாலிசி போய்விடும்.

7. வண்டி நிற்கும்போதும் விபத்து நடக்கும்

ஓடும்போதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். கிளீனர்களுக்கும் லோடுமேன்களுக்கும் வண்டி நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

• டிப்பர் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் நுழையாதீர்கள். ஹைட்ராலிக் இறங்கினால் வெளியே வர நேரம் இருக்காது. உறுதியான முட்டு கொடுத்த பிறகே கை வையுங்கள்.
• டிப்பரைத் தூக்கும் முன் மேலே பாருங்கள். மின்கம்பி இருந்தால் அங்கே இறக்க வேண்டாம்.
• சக்கரத்துக்குக் கட்டை போடாமல் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.
• ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள்.
• ரிம்மில் மாட்டிய பெரிய டயருக்குக் காற்றடிக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். பாதுகாப்புக் கூண்டு உள்ள கடையில் அடிப்பது நல்லது.
• தார்ப்பாய் கட்ட மேலே ஏறும்போது செருப்பில்லாமல், அவசரமாக, மழையில் ஏற வேண்டாம். கீழே விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.
• ரோட்டில் வண்டி நின்றுபோனால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பின்னால் தூரத்தில் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். கல்லும் மரக்கிளையும் வைத்துவிட்டு அப்படியே விட்டுப் போகாதீர்கள். அது அடுத்த பைக்காரருக்கு எமன்.

உடம்பையும் ஒரு வண்டி போலவே எஃப்.சி. காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாருங்கள். பலத்த குறட்டையும், பகலில் தாங்க முடியாத தூக்கமும் இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தூங்கும்போது மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

8. வண்டி புக் பண்ணும் நமக்கும் பொறுப்பு உண்டு

வேன் பிடித்துக் குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போவது நம்ம வழக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஏறித் தூங்குவோம். டிரைவர் விடிய விடிய ஓட்டுவார். காலையில் நாம் லாட்ஜில் குளித்துத் தரிசனத்துக்குப் போவோம். அவர் வண்டியைத் துடைத்து, பார்க்கிங் தேடி, வெயிலில் சீட்டைச் சாய்த்துக் கிடப்பார். அன்று மாலையே அடுத்த ஊர். இரண்டாம் நாள் இரவு அந்த வண்டியில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும்:

• இரவு 11 மணிக்கு மேல், காலை 5 மணிக்கு முன் ஓட்ட வேண்டாம் என்று புக் பண்ணும்போதே பேசிக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு ஓட்டுநர் கேளுங்கள்.
• அறை எடுக்கும்போது ஓட்டுநருக்கும் படுக்கை கேளுங்கள். விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்கு ஓய்விடமும் கழிப்பறையும் ஓட்டல், லாட்ஜ் வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு கட்டட விதிகளில் திருத்தம் வந்துள்ளது. "டிரைவருக்கு இடம் எங்கே?" என்று ரிசப்ஷனில் கேட்பது உங்கள் உரிமை.
• முன் சீட்டில் உட்காருபவர் தூங்காமல் பேச்சுத் துணையாக இருங்கள். ஓட்டுநர் "கொஞ்சம் நிறுத்திக்கறேன்" என்றால் முகம் சுளிக்காதீர்கள்.
• வீட்டுக்குச் சரக்கோ பார்சலோ கொண்டு வருபவருக்குக் குடிக்கத் தண்ணீரும், அபார்ட்மெண்டில் கழிப்பறை அனுமதியும் கொடுங்கள். பெண் ஓட்டுநர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி.

9. விபத்து நடந்துவிட்டால்

முதலில் வண்டியை நிறுத்துங்கள். 108-க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டம் ஆத்திரத்தோடு சூழ்ந்து உயிருக்கே ஆபத்து என்றால் என்ன செய்வது? அதையும் சட்டம் யோசித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, கும்பலின் ஆவேசத்தால் முடியாமல் போனால் அதை விதிவிலக்காகவே சொல்கிறது. அப்போது அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு நேராகப் போய்ச் சொல்லுங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

சிகிச்சைப் பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும். வெளிமாநில ஓட்டுநருக்கும் பொருந்தும். வெளிமாநிலத்தில் நம் ஓட்டுநருக்கு விபத்து என்றால், 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு.

மோதிவிட்டுப் போன வண்டி எது என்றே தெரியவில்லையா? மரணத்துக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000 இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வேறு வண்டியின் தவறால் ஓட்டுநர் பாதிக்கப்பட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், 4-ஆவது பகுதியில் சொன்னபடி தொழிலாளர் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது கூடுதலாகக் கிடைக்கும் என்று சட்ட ஆலோசனை கேட்டு முடிவெடுங்கள். தீர்ப்பாயத்தில் மனு செய்ய 6 மாதக் காலக்கெடு உள்ளதால் தள்ளிப்போட வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். எண் 15100.

கேள்வி – பதில்

நான் மாதச் சம்பளம் இல்லை, டிரிப்புக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். எனக்கு இழப்பீடு உண்டா?
உண்டு. டிரிப் வருமானத்தை வைத்து மாதச் சம்பளம் கணக்கிடுவார்கள். அதற்குத்தான் நோட்டும் யு.பி.ஐ. பதிவும்.

எங்க ஓனரிடம் ஒரே ஒரு லாரிதான். அப்படியும் இழப்பீடு தர வேண்டுமா?
ஆம். தொழிலாளர் இழப்பீட்டுக்கு இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. ஒரு ஓட்டுநர் இருந்தாலும் பொருந்தும்.

கிளீனருக்கு லைசென்ஸ் இல்லை. அவருக்குப் பாதுகாப்பு உண்டா?
உண்டு. கிளீனர் வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால்தான் சிக்கல். அப்போது இன்சூரன்ஸும் கேள்விக்குள்ளாகும்.

இன்றே செய்ய வேண்டியவை

☐ லைசென்ஸ், நல வாரிய அட்டை முடியும் தேதியைப் பார்த்து போனில் நினைவூட்டல் வைத்தல்
☐ இன்சூரன்ஸ் தாளில் அந்த இரண்டு வரிகளைத் தேடுதல்
☐ டூட்டி நோட்டு தொடங்குதல்
☐ லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸை டிஜிலாக்கரில் ஏற்றுதல்
☐ இந்த ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மனைவி, கணவர் அல்லது பெற்றோரிடம் சொல்லி வைத்தல்

உதவி எண்கள்: ஆம்புலன்ஸ் 108 | அவசர உதவி 112 | தேசிய நெடுஞ்சாலை 1033 | மருத்துவ ஆலோசனை 104 | முதல்வரின் முகவரி குறைதீர்ப்பு 1100 | இ-ஷ்ரம் 14434 | இலவசச் சட்ட உதவி 15100

உங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கும், பிள்ளையின் ஸ்கூல் வேன் ஓட்டுநருக்கும் இந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நல வாரியப் பதிவில் ஓ.டி.பி., போட்டோ ஏற்றுவது போன்றவற்றில் அவர்கள் தடுமாறினால், கூட உட்கார்ந்து பத்து நிமிடம் உதவுங்கள்.